பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு யோசிக்க நேரம் கொடுங்கள்

வடக்கு மாகாணத்தில் சிறுவர் பராமரிப்புப் பணிக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், வன்னி உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டத்தைப் போடுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். சிறுவர் பணியில் இருப்பவர்களுக்குக் கோட்பாடும், அதை வைத்து யோசிக்க நேரமும் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, பயிற்சி என்றால் ஒரே வடிவம்தான். இரண்டு நாள் செயலமர்வு, வெளியிலிருந்து வரும் வளவாளர், பிரிஸ்டல் போர்ட்டில் குழுவேலை, மதியச் சாப்பாடு, சான்றிதழ், பனருக்கு முன்னால் நின்று ஒரு படம். கோட்பாட்டுக்கு முதல்நாள் காலையில் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில்தான் பாதிப்பேர் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டுகிற மாஸ்லோவின் முக்கோணத்தை எத்தனை தரம்தான் பார்ப்பது?

"எங்களுக்கு அனுபவம் இருக்கு, தியரி எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் படும். ஆனால் அதே ஆட்கள் தேநீர் இடைவேளையில் கதைப்பதைக் கேட்டுப் பாருங்கள். தகப்பன் இல்லாத வீட்டில் பிள்ளை குழப்படியாய்த்தான் வரும். தாய் மறுமணம் செய்துவிட்டால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவதுதான் பாதுகாப்பு. இவையும் கோட்பாடுகள்தான், எவரும் சோதித்துப் பார்க்காத கோட்பாடுகள். 2009இல் போர் முடிந்த பிறகு ஊருக்கு ஊர் பெண்கள் தனியே குடும்பத்தைத் தாங்குகிற வன்னியில், முதலாவது நம்பிக்கையோடு ஒரு உத்தியோகத்தர் படலையைத் திறந்து உள்ளே போனால், அவர் எழுதப்போகிற அறிக்கை அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

அந்த அறிக்கை சின்ன விஷயமில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதவான் ஒரு பிள்ளையை இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. உறவினர் உட்படத் தகுந்த ஆள் ஒருவரிடமும் ஒப்படைக்கலாம். எதைச் செய்வது என்று அவர் முடிவெடுக்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளையின் வீட்டு நிலை பற்றி நன்னடத்தை உத்தியோகத்தர் எழுதும் சமூக அறிக்கைதான். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கோட்பாடு தெரிந்தால் கண்ணுக்குப் படுவதே மாறிவிடும். ஒரு உதாரணம். இல்லமொன்றுக்குப் போனால் நாலு வயதுப் பிள்ளை ஓடிவந்து, முன்பின் தெரியாத உங்கள் மடியில் ஏறி இருக்கிறது. "பாருங்கோ, எவ்வளவு சந்தோஷமாய் இருக்குது" என்கிறார் பொறுப்பாளர். படிவத்தில் "பிள்ளை நன்கு பழகுகிறது" என்று விழுகிறது. யார் வந்தாலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்வது, தனக்கென்று ஒருவர் இல்லாத பிள்ளையின் அடையாளமாகவும் இருக்கலாம். நிறுவனங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய நீண்ட ஆய்வு, இல்லத்துக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு மற்றவர்களோடு ஒப்பிட்டது. இரண்டு வயதுக்கு முன்னரே குடும்பத்துக்குப் போன குழந்தைகள், பிந்திப் போனவர்களைவிடப் பல வகையில் நன்றாகத் தேறினார்கள். இதைத் தெரிந்தவர் மடியில் ஏறிய பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்தப் பிள்ளையை ஆர் நித்திரையாக்குறது?" என்று கேட்பார்.

பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பற்றைப் பற்றிய இந்தக் கோட்பாட்டை அரைகுறையாய்ப் படித்தாலும் ஆபத்துத்தான். பிரித்தானிய மனநல மருத்துவர் ஜோன் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், தாயின் பராமரிப்பை இழந்த பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று சொன்னார். எங்கள் செயலமர்வுகளில் அது "தாய் இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று சுருங்கிவிட்டது. அவரோடு வேலை செய்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வேர்த் 1950களில் உகண்டாக் கிராமங்களில் குழந்தைகளை அவதானித்தபோது, குழந்தைகள் தாயோடு மட்டுமல்ல, வீட்டிலுள்ள மற்றவர்களோடும் பற்றுக்கொள்வதைக் கண்டார். தாய் குவைத்தில் வேலை செய்கிறார், புதுக்குடியிருப்பில் அம்மம்மா வளர்க்கிறார் என்றால் "பராமரிப்பற்ற பிள்ளை" என்று அடையாளமிட முன் அந்த அம்மம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்து கதைக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் சொந்தக்காரரிடம் விட்டால் போதுமா? அதுவும் இல்லை. விக்டோரியா கிளிம்பி என்ற சிறுமியைப் படிக்க வைப்பதாகச் சொல்லி, தகப்பனின் சித்தி முறையான பெண் ஐவரி கோஸ்ட்டிலிருந்து கூட்டிப்போனார். லண்டனில் அந்தப் பெண்ணும் அவரது துணைவரும் செய்த கொடுமையால் எட்டு வயதில், 2000 பெப்ரவரியில் பிள்ளை இறந்துபோனாள். பெரியவர்களுக்கு முன்னால் அவள் விறைத்து நின்றதை, அவளது சமூகத்தில் பிள்ளைகள் மரியாதையாய் நிற்பார்கள் என்று நினைத்துச் சமூகப் பணியாளர் விட்டுவிட்டார். 2003இல் லாமிங் பிரபு இந்த மரணம் பற்றிய தன் விசாரணை அறிக்கையில், பணியாளர்களுக்கு மரியாதையோடு சேர்ந்த ஒரு ஐயம் வேண்டும் என்றார். படிப்புக்கென்று பிள்ளையைப் பெரியம்மா வீட்டிலும் மாமி வீட்டிலும் விடுவது எங்கள் வழக்கம். பெரியவர் முன் வாய் திறக்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்பதும் எங்கள் வழக்கம்தான். அந்த மௌனத்தை வாசிக்கிற வேலை எங்களுக்கு லண்டனைவிடக் கடினம்.

வெளியிலிருந்து வருவதை மட்டும் படிக்கச் சொல்லவில்லை. போர் முடிந்த அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதினார். பாதிப்பைத் தனித்தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நேர்ந்த கூட்டுக் காயமாகப் பார்க்கச் சொன்னார். அதை எங்கள் உத்தியோகத்தர்கள் செயலமர்வில் கேட்டிருக்க வேண்டும். நான் போன எதிலும் கேட்கவில்லை.

தியரி தெரிந்தும் பிழைக்கிற இடம் ஒன்று உண்டு. கண்டதற்கும் ஊகித்ததற்கும் நடுவில் கோடு போடாமல் எழுதுவது. "பிள்ளை கிழமையில் ஒருநாள் பாடசாலைக்குப் போவதில்லை, பெற்றோர் அசட்டை" என்ற வசனத்தில் முதற்பாதி கண்டது, மற்றப்பாதி ஊகம். அந்த ஒருநாள் நுண்கடன்காரர் தவணைக்கு வரும் நாளாக இருக்கலாம். தாய் பின்வளவால் போய்விட, "அம்மா இல்லை" என்று சொல்லப் பிள்ளை வீட்டில் நிற்கலாம். கடன் விதிமுறை எங்கோ ஒரு அலுவலகத்தில் எழுதப்படுகிறது, வரவு இடாப்பில் வெற்றிடம் விழுகிறது. குடும்பம், பாடசாலை, அதற்கப்பால் பிள்ளை காணாத அலுவலகங்கள் எனப் பிள்ளையைச் சுற்றியுள்ள வட்டங்கள் என்று அமெரிக்க உளவியலாளர் யூரி புரொன்ஃபன்பிரென்னர் 1979இல் எழுதியது இதைத்தான்.

செய்த வேலையைத் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்பதும் தொழிலறிவின் ஒரு பகுதி என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் வாதிட்டார். எங்கள் ஆட்களுக்கு அது விளங்காமல் இல்லை, பயம். "எனக்கு நிச்சயமில்லை" என்று ஒரு உத்தியோகத்தர் எழுதினால் அது நாளைக்கு விளக்கக் கடிதமாகவோ இடமாற்றமாகவோ திரும்பி வருமோ என்ற பயம். அதனால் எல்லோரும் நிச்சயமாகவே எழுதுகிறார்கள். மாதாந்தக் கூட்டத்திலும் எத்தனை வீடு, எத்தனை சிறுவர் கழகம், எத்தனை கோவை மூடியாயிற்று என்ற கணக்கோடு நேரம் போய்விடுகிறது.

நான் கேட்பது இதுதான். மாதம் ஒரு மணித்தியாலம், ஒரேயொரு பிள்ளையின் கதை. என்ன கண்டேன், என்ன முடிவுக்கு வந்தேன், எது தெரியவந்தால் அந்த முடிவை மாற்றுவேன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். நடத்துகிறவர் அவர்களின் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. அங்கே பேசியது எவருடைய தனிப்பட்ட கோவைக்குள்ளும் போகக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். இந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம். இன்னொரு கூட்டமாகத்தான் முடியும். பிள்ளையின் பெயரும் ஊரும் அங்கே சொல்லப்படக் கூடாது. சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி படித்துவிட்டு வந்த எங்கள் இளையவர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் நடத்தச் சொல்லலாம்.

கரைச்சியோ ஒட்டுசுட்டானோ, ஒரு பிரதேச செயலர் பிரிவில் ஆறு மாதம் செய்து பாருங்கள். ஒரு செயலமர்வின் சாப்பாட்டுக் காசுகூடத் தேவைப்படாது. நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எந்தப் படிவத்தை நிறுத்தினால் அந்த மணித்தியாலம் கிடைக்கும் என்று உத்தியோகத்தர்களிடமே கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

இப்படிக்கு,
வன்னியில் சிறுவர் பணியிலும் பயிற்சியிலும் இருக்கும் ஒருத்தி