மில் ஊர்

முலூஸ், பிரான்ஸ்,
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில் "அந்த ஊரில் மில் உண்டா?" என்று கேட்டீர்கள். பேருந்து வந்துவிட்டதால் உண்டு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் தறிச் சத்தத்தில் நின்ற உங்களுக்கு அந்த ஒரு சொல் போதாது என்பதால், இந்த ஞாயிற்றுக்கிழமையை இக்கடிதத்துக்கென்றே ஒதுக்கினேன்.

இந்த ஊர் மில்லால் வளர்ந்தது; அதன் தொடக்கமோ நம் கடற்கரையைத் தொட்டு நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சாயத்துணிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் விரும்பி வாங்கத் தொடங்கியதும், பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று 1686-ல் அரசர் அத்துணிகளின் இறக்குமதியையும், அவற்றைப்போல் உள்நாட்டில் அச்சிடுவதையும் தடை செய்தார். 1759 வரை அந்தத் தடை நீடித்தது. முலூஸ் அப்போது பிரான்சைச் சேர்ந்ததன்று. சுவிஸ் மாநிலங்களோடு உறவு பூண்டிருந்த தனிக் குடியரசு. தடை இங்கே செல்லாது என்பதே இவ்வூரின் அதிர்ஷ்டமாயிற்று. 1746-ல் கெஷ்லின், ஷ்மால்ட்சர், தொல்ஃபூஸ் முதலியோர் சேர்ந்து முதல் துணியச்சுப் பட்டறையைத் திறந்தார்கள். ஊர் பிரான்சோடு இணைந்தது 1798-ல்தான்.

இங்குள்ள அச்சுத்துணி அருங்காட்சியகத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். இத்துணிகளை இன்றும் 'அந்தியென்' என்றே அழைக்கிறார்கள். இந்தியாவுடையது என்று பொருள். நம் சாயக்காரர்கள் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊறவைத்து, படிகார நீரால் எழுதி, சாயவேரோடு கொதிக்கவைத்துச் சிவப்பேற்றிய முறையை, 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி நம் புதுச்சேரியிலேயே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துணித்துண்டை வைத்துக் குறிப்பெழுதினார். 1742-ல் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளர்களிடம் கேட்டறிந்து, அதையே நீண்ட கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். எழுதியவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. சொல்லிக்கொடுத்த கைகளின் பெயர் எங்கும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, அப்பா.

ஆனால் நீங்கள் முதலில் கேட்கப்போவது உள்ளே வேலை செய்தவர்களைப் பற்றித்தான். அச்சுக்கட்டையைத் துணியில் வைத்து அடிக்கும் ஒவ்வோர் ஆளுக்கும், சாயத்தைப் பரப்பித்தர ஒரு சிறு பிள்ளை பக்கத்தில் நிற்கும். பின்னர் நூற்பாலைகள் பெருகின. வில்லெர்மே என்ற மருத்துவர் 1840-ல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வூர்த் தொழிலாளர்களை எழுதியிருக்கிறார்: ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாமல் சுற்றுக் கிராமங்களில் தங்கி, விடியுமுன் சேற்றில் வெறுங்காலோடு நடந்துவரும் மெலிந்த பெண்கள், மழை பெய்தால் பாவாடையையே தலைக்குமேல் இழுத்துக்கொள்வார்களாம், எண்ணெய்ப் பிசுக்கேறிய கந்தல் உடுத்த பிள்ளைகள், அன்றைக்கெல்லாம் போதவேண்டிய ரொட்டித்துண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார்களாம். பிள்ளைகளின் வேலை நேரத்தைச் சட்டத்தால் குறைக்க வேண்டும் என்று 1827-லேயே பூர்கார் என்ற ஆலை முதலாளி இங்குள்ள தொழில் சபையில், அதாவது முதலாளிகள் கூடி நடத்திய அமைப்பில், எடுத்துரைத்தார். சட்டம் வந்தது 1841-ல்: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேலை கூடாது, 8 முதல் 12 வயதுவரை நாளுக்கு எட்டு மணி நேரம். அதற்கும் சம்பளமில்லாத மேற்பார்வையாளர்களையே வைத்ததால், சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. அதைப் படித்தபோது, 1936 ஜூலை 30-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுச் சுடப்பட்ட நம்மூர்த் தொழிலாளர்களின் நினைவிடத்துக்கு நீங்கள் என் கையைப் பிடித்து அழைத்துச்சென்ற காலைகள் நினைவுக்கு வந்தன.

நான் குடியிருக்கும் வீடும் இக்கதையைச் சேர்ந்ததே. 1853-ல் ழான் தொல்ஃபூஸ் முன்னின்று, எமில் முல்லர் வரைந்த திட்டப்படி, தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு கட்டடத்தை நான்காகப் பகுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசலும் ஒரு மூலைத் தோட்டமும் வைத்தார்கள்; மாதத் தவணை கட்டித் தொழிலாளியே வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொழிலாளி கலகம் செய்யாமல் அடங்கியிருப்பான் என்ற கணக்கும் முதலாளிகளுக்கு இருந்திருக்கும். ஆயினும் இந்தத் தோட்டத்தில் நின்று பார்க்கும்போது, இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது பக்கத்து வீடுகளில் துருக்கியரும் அல்ஜீரியரும் இருக்கிறார்கள்; கோடையில் ஒரு பாட்டி வேலிக்கு மேல் தக்காளி நீட்டுவார்.

1871-ல் ஜெர்மனி, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1944 நவம்பரில் மறுபடி பிரான்ஸ் என்று ஊர் கைமாறியது. அருகில் 1904-ல் பொட்டாஷ் உப்பு கிடைத்துச் சுரங்கங்கள் திறந்தன. 2002-ல் அவையும் ஓய்ந்தன. 1962 முதல் பெழோ கார் தொழிற்சாலை ஓடுகிறது. பஞ்சாலைகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. பழைய வார்ப்பாலைக் கூடம் ஒன்றில் இப்போது பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கிறார்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் தலையணை உறையில் பூ வேலை செய்யும் டி.எம்.சி. நூல் பிறந்தது இவ்வூரில்தான். அப்பெயரில் உள்ள 'டி' அந்த தொல்ஃபூஸ் குடும்பத்தைக் குறிப்பது. தை மாதம் ஊருக்கு வரும்போது வாங்கி வருகிறேன். எந்தெந்த நிறம் வேண்டும் என்று நூற்கண்டைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையில் இருக்கும் எண்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மகன்