ஜன்னலைத் திறந்துவைத்துக் கூடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததற்கு அப்புறம், 2021-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் மகளிர் சுய உதவிக் குழு கோத்தகிரியில் நேரில் கூடியது. அதுவரை வாட்ஸ்அப்பில்தான் பேச்சு, ஆனால் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான், தேயிலைச் சரிவில் சிக்னலும் கிடைக்காது, அதனால் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதே தெரியாமல் போயிருந்தது. இரண்டாவது அலையில் கணவரைப் பறிகொடுத்த அக்கா ஒருவர், எதுவும் பேசாமல், கணக்கு நோட்டில் தன் பெயர் இருந்த பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் போனில் எப்படிப் பார்ப்பது?

அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார்கள், கல்யாணம், காரியம் எல்லாம் தொடங்கிவிட்டிருந்தது. சரி, கூடட்டும். என் கவலை நம் மலைக் குளிர்தான். குளிருக்குப் பயந்து ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திவிட்டு உட்காருகிறோம். கொரோனா கிருமி பேச்சிலும் மூச்சிலும் வெளியேறி, அடைத்த அறையில் காற்றிலேயே தங்கும். கைக்கு எவ்வளவு சானிடைசர் போட்டாலும் அதைத் தடுக்காது. அப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு வியர்த்திருந்தது. மொய் எழுதிய கையோடு வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் வெயில் ஏறியபின் முற்றத்தில், ஸ்வெட்டரும் மாஸ்க்குமாக உட்கார்ந்தோம். டீயும் வர்க்கியும் கடைசியில், தள்ளி நின்று. அப்போது இரண்டு தடுப்பூசியும் போட்டு முடிக்காத பாட்டிகளைப் பார்க்க இரண்டு பேர் அவர்கள் வாசலுக்கே போனார்கள். மழை வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைப்பதாக முடிவு. மண்டபம் வைத்திருப்பவர்கள் ஜன்னலை மட்டும் திறந்துவையுங்கள், கம்பளி நாங்கள் கொண்டுவருகிறோம்.

வாசகி,
கோத்தகிரி