பௌர்ணமியன்று அழைத்து வராதீர்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில், எங்கள் தோட்டத்து மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறந்தால் வானம். உள்ளே 8 அங்குலக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி. நண்பர்கள் சிலர் கைக்காசு போட்டு அமைத்தது. கட்டணம் இல்லை; யார் வேண்டுமானாலும் வரலாம். பிள்ளைகளை அழைத்து வரும் உங்களுக்கு நன்றி. அழைத்து வரும் விதத்தைப் பற்றித்தான் எங்கள் குறை.

நிலா நன்றாகத் தெரியுமே என்று பௌர்ணமியன்று பஸ் ஏற்றி வருகிறீர்கள். தொலைநோக்கிக்கு அதைவிடப் பாழான இரவு கிடையாது. முழுநிலவின் மீது வெயில் நேராக விழுவதால் மேடு பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. கண் கூசுவதுதான் மிச்சம். விண்மீன்களும் மங்கிவிடும். வளர்பிறை பஞ்சமிக்கும் நவமிக்கும் இடையில் வாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். அதைத் தாண்டி, இருட்டுக்குள், ஏதோ ஒரு மலையின் உச்சி மட்டும் வெயில் பட்டுத் தனிப் புள்ளியாக மின்னும். திதி பார்க்க உங்கள் அலுவலகச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

அடுத்து, 200 பேரை ஒரே இரவில் இறக்காதீர்கள். எங்கள் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. 150 மடங்கு பெரிதாக்கிச் சனியைப் பார்த்தால், பூமி சுழலும் வேகத்தில் அது ஒன்றேகால் நிமிடத்துக்குள் பார்வையைவிட்டு நழுவிவிடும். கையால் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்றாலும், நடுநடுவே தள்ளிப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 40 பேருக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. "பார்த்தாச்சா? நகரு!" என்று பின்னால் நின்று விரட்டினால் பிள்ளை பார்ப்பது தன் கண்ணிமையைத்தான்.

படத்தில் பார்த்ததை எதிர்பார்த்து வருகிறார்கள், அது இயல்புதான். மிருகசீரிடத்துக்கு அருகிலுள்ள ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் செல்பேசிப் படத்தில் இளஞ்சிவப்பாக இருக்கிறது. எங்களிடம் சாம்பல் நிறப் புகை. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது என்பதை அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு காட்டித் திரும்பியதால் சில காலத்துக்கு ஒல்லியாகத்தான் தெரியும். "இவ்வளவுதானா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள வளையத்தின் கனம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதனால்தான் பக்கவாட்டில் காணாமல் போகிறது. விரிந்த வளையத்தைப் பார்த்திருந்தால் அவளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அது முழுதாக விரிய 2032 வரை பொறுக்க வேண்டும்.

இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். அப்படிப் பழகிய நேரத்தில்தான் பேனர் பிடித்துக் குழுப்படம் எடுக்கிறீர்கள். ஒரே ஒரு ஃபிளாஷ், எல்லாம் முதலிலிருந்து. படம் எடுப்பதாக இருந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். திரும்பிப் போனதும் கட்டுரை கேட்காதீர்கள். வளையல் வைத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பார்த்ததைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள்.

"அரசு அங்கீகாரம் உண்டா?" என்றும் கேட்கிறார்கள். சென்னையில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் வைத்திருந்த வானாய்வுக் கூடம்தான் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் கூடமாயிற்று. அதன் வழிவந்தது, நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடம். இதற்கு மேல் என்ன சான்றிதழ் காட்டுவது?

உண்மையில் எங்களை உறுத்துவது வேறு. இருபாலர் பள்ளியிலிருந்தும் பையன்கள் மட்டுமே பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். பெண் பிள்ளைகளை இரவில் அனுப்பப் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள் என்கிறீர்கள். கேட்டுப் பார்த்தீர்களா? அம்மாக்களையும் சேர்த்து அழையுங்கள், பாட்டி வந்தாலும் சரி. இருட்டிய ஒரு மணி நேரத்தில் நிலாவையும் ஒரு கோளையும் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வீடு போய்விடலாம். எங்கள் வீட்டுப் பெண்களும் கூடவே இருப்பார்கள். கழிப்பறை இருக்கிறது; போகும் வழிக்குச் சிவப்பு விளக்கு போட்டிருக்கிறோம். பெண் பிள்ளைகள் இல்லாமல் வரும் இருபாலர் பள்ளிக்கு இனி நாள் ஒதுக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நாள் கேட்டு எழுதும்போது மாணவர் எண்ணிக்கையையும், அதில் மாணவிகள் எத்தனை பேர் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தகரக் கூரைக்காரர்கள்