உப்புக் குடுவைக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரைப் புட்டி

வீகன் கூடுகைகளை ஒருங்கிணைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் விரிக்கும் மேசையில் சாப்பிட்டு வருகிறேன். ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்து, பகிர்ந்து உண்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுக் கலையும் அந்த மாலைகள் இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே நான் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்பேன். வீட்டில் ஒருவர் மட்டும் வீகனாகி, இறைச்சி, முட்டை, பால், தேன் எல்லாவற்றையும் விட்டுவிடும்போது அவரை முதலில் வாட்டுவது தனிமை. 'பாலில் என்ன பாவம்?' என்ற கேள்விக்கு நூறாவது முறை பதில் சொல்லிக் களைத்தவனுக்கு, அந்தக் கேள்வியே எழாத ஓர் அறை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் குறைதான்.

நான் கலந்துகொண்ட இரண்டாவது கூடுகையில் புதிதாக வந்திருந்த ஒரு பெண் கேட்டார்: "பி12 வைட்டமினுக்கு என்ன செய்கிறீர்கள்?" மேசையைச் சுற்றி லேசான சிரிப்பு எழுந்தது. "ஸ்பைருலினா என்ற பாசிப்பொடியைச் சாப்பிடுங்கள், போதும்" என்றார் மூத்தவர் ஒருவர். "காய்கறியை ரொம்பவும் கழுவாதீர்கள், மண்ணிலேயே இருக்கிறது" என்றார் இன்னொருவர். புளிக்கவைத்த சோயாவில் ஏராளம் என்றது மூன்றாவது குரல். அதற்குள் யாரோ இனிப்புத் தட்டை நகர்த்தினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் மறுநாளே ஸ்பைருலினா வாங்கிவிட்டேன்.

நான்காம் ஆண்டின் இறுதியில் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. ஒரு நாள் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது தெரியாமல் நாலடி நடந்துவிட்டேன். மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவதற்கு முன்பே சாப்பாட்டைத்தான் விசாரித்தார். பி12 குறைவுதான் காரணம். அதற்கான ஊசிகள் போட்டுக்கொண்டேன். பல மாதங்களில் பெரும்பாலும் சரியாயிற்று. இடது பாதத்தின் நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மரப்பு மிச்சமிருக்கிறது.

ஸ்பைருலினா சொன்ன அந்த மூத்தவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் ஏதோ ஒரு கூடுகையில் கேட்டதைத்தான் சொன்னார். அது மட்டுமல்ல, அந்த நான்கு ஆண்டுகளில் புதிதாக வந்த குறைந்தது ஐந்து பேரிடம் நானும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். 'என்னைப் பாருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று மார்தட்டியும் இருக்கிறேன். அவர்களில் இருவரைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்ற மூவர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. இந்த மடலை எழுதவைத்தது அந்த மூவர்தான்.

'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்பதுதான் இதில் பெரிய பொறி. கல்லீரல் பி12ஐச் சில மில்லிகிராம் சேமித்து வைத்திருக்கும். ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ இரண்டு, மூன்று மைக்ரோகிராம். ஆகவே வரவே இல்லாவிட்டாலும் பழைய கையிருப்பில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடலாம். உணவை மாற்றியவருக்கு முதலிரண்டு ஆண்டுகள் உற்சாகமாகப் போவதும், கூடுகையில் எழுந்து சாட்சி சொல்பவர்களில் பலர் அந்த முதலிரண்டு ஆண்டுக்காரர்களாக இருப்பதும் தற்செயலானவை அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுவதால் நமக்கு ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் தாராளமாகக் கிடைக்கிறது. அது பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடும். நரம்பு கெடுவதைத் தடுக்காது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டுத் தீயை எரியவிடுவதுபோல.

பி12ஐத் தாவரமும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிரிகளே உண்டாக்குகின்றன. மாட்டுக்கு அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் தயாரித்துக் கொடுக்கின்றன. நம் பெருங்குடலிலும் அவை தயாரிக்கத்தான் செய்கின்றன. ஆனால் பி12ஐ உறிஞ்சும் இடம் அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஊர் தாண்டியபின் சுங்கச்சாவடி வைத்து என்ன பயன்? ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. உருவில் ஒத்திருக்கும், மனித உடலில் வேலை செய்யாது. கழுவாத காய்கறியிலிருந்து வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு, பி12 வரும் வாய்ப்பைவிட அதிகம். புளிக்கவைத்த சோயாவான டெம்பேயில் சில வேளை இருக்கும், சில வேளை இருக்காது. அதை நம்பி நரம்பை அடகு வைக்க முடியாது.

'வீகன்' என்ற சொல்லும் அந்தப் பெயரில் முதல் சங்கமும் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் பிறந்தன. பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். அதாவது டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் சங்கத்தைத் தொடங்கியபோது இந்தப் பொருளை யாரும் இன்னும் பிரித்தெடுத்து அடையாளம் கண்டிருக்கவில்லை. 1950களில் வீகன்களிடம் இந்தக் குறைபாட்டை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தெரியாமல் நோயுற்றவர்கள் அவர்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. அதே வீகன் சொசைட்டி இன்று ஒளிவுமறைவில்லாமல் மூன்று வழிகளைச் சொல்கிறது: பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவுகளைத் தினமும் இரண்டு மூன்று வேளை உண்டு மொத்தம் 3 மைக்ரோகிராமாவது பெறுங்கள், அல்லது தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் போன கூடுகைகளில் அந்த ஒரு நிமிடம் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

ஏன் சொல்லத் தயங்குகிறோம் என்பது எனக்குப் புரிகிறது. 'மாத்திரை போட்டால்தான் நிற்கும் உணவு இயற்கையானதா?' என்று எதிரில் இருப்பவர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். கேட்கட்டுமே. உப்பில் அயோடின் சேர்ப்பதும் இயற்கையல்ல. விலங்குகளை வதைக்க வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்தது இயற்கை எது என்று ஆராய்ந்து அல்ல. ஆகவே மாத்திரையால் அந்த முடிவுக்கு எந்தக் களங்கமும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பதுதான் களங்கம்.

இனி மேசைக்கு வருகிறேன்.

கடந்த மூன்று கூடுகைகளில் நான் எண்ணிப் பார்த்தேன் (கெட்ட பழக்கம்தான்). இருபது பாத்திரங்கள் வந்தால் அவற்றில் ஏழெட்டு இனிப்பு. ஐந்தாறு எண்ணெயில் பொரித்தவை. இரண்டு மூன்று தேங்காய் எண்ணெயில் செய்த பாலாடைக்கட்டிப் போலிகள். பயறு, பருப்பு, அவரை வகை என்று சொல்லத்தக்கது ஒன்று, அல்லது அதுவும் இல்லை. விழா நாளில் இனிப்பு வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் கசந்துபோனவன் அல்ல. ஆனால் புதிதாக வருபவர் அந்த மேசையைப் பார்த்துத்தான் இந்த உணவுமுறை என்னவென்று கற்றுக்கொள்கிறார். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயைவிட அது அதிகம். 'தாவரம்' என்ற முத்திரையை இரத்தக்குழாய் படித்துப் பார்ப்பதில்லை.

2017இல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறைப் பணியாளர்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். முழுத்தானியம், பழம், காய்கறி, பருப்பு, கொட்டைகள் என்று தாவர உணவு உண்டவர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. அதே தாவர உணவை இனிப்புப் பானம், தீட்டிய மாவு, சர்க்கரை, வறுவல் என்று உண்டவர்களுக்கு அதிகமாக வந்தது. இரண்டும் தாவரம்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 55,000 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு நமக்கு இன்னும் கசப்பானது: இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கு மேல். உடல் எடை, கால்சியம், புரதம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தபோது வேறுபாடு சுருங்கியது, மறையவில்லை. இந்த ஆய்வை எந்தக் கூடுகையிலாவது யாராவது வாய்விட்டுப் பேசியிருக்கிறோமா? இதய நோய் குறைவு என்ற செய்தி வந்தால் மட்டும் சுவரில் ஒட்டிவிடுகிறோம்.

ஆகவே மேசையின் நடுவில் பயறும் அவரையும் இருக்க வேண்டும் என்கிறேன். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இவற்றில்தான் நிறைய இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தே ஆகவேண்டும் என்று 1970களில் பரவிய கருத்தை இன்று யாரும் வலியுறுத்துவதில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். சோயாப் பாலைக் கால்சியம் உப்பால் உறையவைத்துச் செய்த டோஃபு எலும்புக்கும் நல்லது. கால்சியத்துக்குப் பசலைக்கீரையை நம்பாதீர்கள். அதில் இருப்பதை அதே கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். செறிவூட்டிய சோயாப் பாலை ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துகிடக்கும். கடைசிக் கோப்பைக்காரருக்கு மட்டும் எலும்பு வளரும்.

அவரை என்றதும் ஒரு மாலை நினைவுக்கு வருகிறது. யாரையும் சுட்டவில்லை, அன்று இருந்தவர்களுக்குத் தெரியும். அன்பான ஒருவர் சிவப்பு ராஜ்மாவை மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பானையில் போட்டு, பகல் முழுவதும் வைத்திருந்து கொண்டுவந்தார். மணம் அருமை. சுவையும் அருமை. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆறு பேர் வாந்தியில் சுருண்டோம். 'வீகன் உணவில் விஷமா?' என்று ஒருவர் நம்பவே மறுத்தார். பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. நாலைந்து பச்சை விதைகளே வயிற்றைக் கலக்கப் போதும். கொதிநிலையை எட்டாத மிதமான சூட்டில் அது அழியாது. இன்னும் வீரியம் கூடும் என்கிறார்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதன் பிறகு எந்தப் பானையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைப்பதும் ஆபத்துதான். அதில் பிழைத்திருக்கும் பாக்டீரியா வித்துகள் முளைத்து நஞ்சு உமிழும். அதை மறுபடி சூடாக்கினாலும் போகாது. பச்சை முளைப்பயறு மீதுள்ள பக்தியையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். 2011இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் உயிரிழந்த தொற்று, வெந்தய முளையிலிருந்து பரவியது.

பாத்திரத்துக்கு முன்னால் 'வீகன்' என்று மட்டும் எழுதிய அட்டையை வைக்கிறீர்கள். அது பாத்திரத்தில் எது இல்லை என்பதைத்தான் சொல்கிறது. முந்திரி ஒவ்வாமை உள்ளவருக்கு எது இருக்கிறது என்பதே உயிர்நாடி. பாலேட்டுக்கும் பாலாடைக்கட்டிக்கும் மாற்றாக எதற்கெடுத்தாலும் முந்திரியை அரைப்பவர்கள் நாம். முந்திரி, வேர்க்கடலை, சோயா, எள், கோதுமை ஆகியவற்றை மட்டுமாவது எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

தேநீரையும் காப்பியையும் சாப்பாட்டோடு ஊற்றாமல் ஒரு மணி நேரம் கழித்து ஊற்றினால், பயறில் உள்ள இரும்புச்சத்து கொஞ்சம் கூடுதலாக உடலில் சேரும். எலுமிச்சையைப் பிழிந்துகொள்ள மேசையில் வையுங்கள். ஆளி விதையை முழுசாகத் தூவாமல் பொடித்துத் தூவுங்கள், இல்லாவிட்டால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீகனுக்கு ஈடாகத் தமிழில் ஆக்கிய 'நனிசைவம்' எனக்குப் பிடித்த சொல். நனி என்றால் மிக. ஆனால் கூடுகைகளில் அந்த 'நனி' ஒரு போட்டியாகிவிட்டது. ஒருவர் எண்ணெயை விட்டுவிட்டேன் என்கிறார். அடுத்தவர் உப்பையும் விட்டுவிட்டேன் என்கிறார் (அயோடினும் அதோடு போயிற்று). மூன்றாமவர் அடுப்பையே விட்டுவிட்டார். எதையெல்லாம் விட்டோம் என்று எண்ணுகிற இடத்தில், 'எனக்குக் களைப்பாக இருக்கிறது, பாதம் மரத்துப்போகிறது' என்று ஒருவர் எப்படி வாய் திறப்பார்? நான் திறக்கவில்லை. எட்டு மாதம் மறைத்தேன், உங்களிடமிருந்துதான்.

தாவர உணவு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பேசுபவரை இனி மேடையேற்றாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்த நேரத்தைப் பயிற்சி பெற்ற ஓர் உணவியல் வல்லுநருக்குக் கொடுங்கள். கருவுற்றவர்களும் குழந்தை வளர்ப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு நம்மில் யாருக்கும் பதில் சொல்லத் தகுதி கிடையாது.

அடுத்த கூடுகைக்கு இரண்டு பொருள்கள் கொண்டுவருகிறேன். ஒன்று, அரை மணி நேரம் கொதித்த ராஜ்மா. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அட்டையில் முழுதாக எழுதியிருப்பேன். இன்னொன்று, பி12 மாத்திரைப் புட்டி. வாரத்துக்கு எத்தனை என்று மேலே ஒட்டியிருப்பேன். அதை உப்புக் குடுவைக்குப் பக்கத்தில் வைக்க அனுமதி தாருங்கள். புதிதாக வருபவர் 'இது எதற்கு?' என்று கேட்பார். பதில் சொல்ல நான் அருகிலேயே நிற்கிறேன்.

அன்புடன்,
ஒன்பது ஆண்டுகளாக உங்கள் மேசையில் உண்பவன்