காலண்டர் அச்சிடுவோருக்கு: நாழிகைக்கு ஒரு வரி இடம் கொடுங்கள்

தினசரி காலண்டரும் பஞ்சாங்கமும் அச்சிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். தாளில் ‘துவாதசி நா. 23.45’ என்று போடுகிறீர்கள். பார்க்கிறவர் ராத்திரி பதினொன்றே முக்கால் என்று எடுத்துக்கொள்கிறார். ‘நா.’ என்பது நாழிகை; 23.45 என்றால் 23 நாழிகை 45 விநாடி. நாழிகைக் கணக்கு நள்ளிரவில் தொடங்குவதில்லை, சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். 23 நாழிகைக்கு 552 நிமிடம், 45 விநாடிக்கு (இது பஞ்சாங்க விநாடி, கடிகார விநாடி அல்ல) 18 நிமிடம், மொத்தம் ஒன்பதரை மணி நேரம். அன்று உதயம் 6.10 என்றால் துவாதசி முடிவது பிற்பகல் 3.40.

நடுவில் புள்ளி வைப்பதும் வம்புதான். தசமம் என்று நினைத்து 23.45-ஐ 24-ஆல் பெருக்கினால் ஏழு நிமிடம் குறைகிறது. சிறு கோடு போடுங்கள். உதயத்தை எப்போதும் ஆறு மணி என்று வைத்துக்கொள்வோரும் உண்டு. சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.42 வாக்கில் உதிக்கும் சூரியன், ஜனவரிக் கடைசியில் 6.35-க்குத்தான் வருகிறது. வித்தியாசம் இரண்டு நாழிகைக்கும் மேல்! எந்த ஊர் உதயம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது விநாடிதான். பள்ளிக்கூட விநாடி அறுபது சேர்ந்தால் ஒரு நிமிடம். பஞ்சாங்க விநாடி அறுபது சேர்ந்தால் ஒரு நாழிகை. அதாவது பஞ்சாங்க விநாடி ஒன்றில் பள்ளிக்கூட விநாடி 24 அடங்கும்.

இத்தனை சிக்கல் எதற்கு, நாழிகையையே எடுத்துவிடலாமே என்று தோன்றலாம். வேண்டாம், அது பழைய வழக்கு. ‘உண்பது நாழி’ என்கிற புறநானூற்று 189ஆம் பாட்டில் நாழி தானியம் அளக்கும் அளவு. பொழுதை அளந்ததும் ஒரு கலம்தான், நாழிகை வட்டில். அடியில் நுண்துளை போட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டால், நீர் ஏறி அது மூழ்கும் நேரம் ஒரு நாழிகை. துளையில் தூசி அடைத்தால் நாழிகை நீளும், துளை தேய்ந்து அகன்றால் சுருங்கும். முல்லைப்பாட்டு இத்தகைய நீர்க்கருவியைக் ‘குறுநீர்க் கன்னல்’ என்கிறது; அதைப் பார்த்துப் பொழுது சொன்னவர்களைப் ‘பொய்யா மாக்கள்’ என்கிறது. கடிகாரத்துக்குள் இருக்கும் ‘கடிகை’யும் வடமொழியில் சின்னக் குடம்தான். ‘நாழியாச்சு, கிளம்பு’ என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

ஆகவே தாளின் அடியில் இந்த வரியைச் சேருங்கள்: ‘நா. என்பது உதயம் முதல் நாழிகை-விநாடி; நாழிகை = 24 நிமிடம்; 5 விநாடி = 2 நிமிடம்.’