கொம்பும் சுழியும் இருக்கையில சொல்லு இல்லையா?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்,

போன இதழ்ல அச்செழுத்தோட உறுப்புகளப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்திய, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படத்துக்கு இங்கிலீஷ் ஜி-ய எடுத்து வச்சு காது, செரிஃப், கவுன்ட்டர்னு அம்புக்குறி போட்டுட்டு கடைசில தமிழ்ல இதுக்கெல்லாம் சொல்லு இல்ல, புதுசா உண்டாக்கணும்னு முடிச்சிட்டிய பாருங்க, அங்கதான் எனக்குப் பொறுக்கல.

எங்க அப்பா பாளையங்கோட்டைல ஒரு சின்ன பிரஸ்ல கம்பாசிட்டரா, அதாவது அச்சு கோக்குறவரா இருந்தாவ. பள்ளிக்கூடம் விட்டு வந்தா, அடிச்சு முடிச்ச எழுத்தப் பிரிச்சு கேஸ்ல, அதான் அறை அறையா இருக்குற எழுத்துப் பெட்டில, போடுறது என் வேலை. ஈய எழுத்து கண்ணாடில தெரியுற மாதிரி திரும்பி இருக்குமா, மூணு சுழி ண அறையில ரெண்டு சுழி ன-வப் போட்டுருவேன், கல்யாணப் பத்திரிகைல மணமகன் மனமகன் ஆயிருவான், அப்புறம் என் காது அப்பா கையிலதான். அவியளுக்கு கண்ணே வேண்டாம், எழுத்தோட உடம்புல ஒரு பக்கம் வெட்டு இருக்கும்லா, விரல் பட்டதுமே தலை எது கால் எதுன்னு கண்டுபிடிச்சிருவாவ.

சொல்லு இல்லையாம்! துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கை-க்கு சங்கிலிக்கொம்பு, கி-க்கு மேல்விலங்கு, எல்லாம் ரெண்டாங்கிளாஸ்ல படிச்சதுதான. இதுல அந்த இரட்டைக்கொம்பு வீரமாமுனிவர் செஞ்ச மாத்தம்னு சொல்லுவாவ, நம்ம காமநாயக்கன்பட்டில இருந்தவருதான். பழைய லை-க்கு முன்னால வளைஞ்சு நின்னத தும்பிக்கைன்னோம், 1978ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து அது போச்சு, ஆனா அப்பா கேஸ்ல அந்த அறை ரொம்ப நாள் காலியாகவே இல்ல.

செரிஃப்ங்கது கோடு முடியுற இடத்துல வைக்கிற சின்னப் பாதம், ரோமன் எழுத்துக்கு அது சரி, ஓலைல கீறிக் கீறி வளைஞ்ச நம்ம எழுத்துல அத எங்க போய் தேட? பெரிய எழுத்து சின்ன எழுத்துங்குற பேச்சும் நமக்குக் கிடையாது, அவங்க பெரிசுக்கு மேல்பெட்டி சின்னதுக்கு கீழ்ப்பெட்டின்னு வச்சு கோத்ததாலதான் அப்பர் கேஸ் லோயர் கேஸ்னே பேரு வந்துச்சு.

உங்க கவுன்ட்டருக்கும் அப்பாட்ட சொல்லு இருந்துச்சு. சுழிக்குள்ள தெரியுற வெள்ளைய கண்ணும்பாவ, மை கூடிப்போனா 'ஏலே, கண்ணு அடைஞ்சிருச்சு, துணிய எடு'ன்னு சத்தம் வரும். உங்க கேள்வி பதில் பக்கத்துப் பொடி எழுத்துலயும் கண்ணு அடைஞ்சுதான் கிடக்கு அண்ணாச்சி, ண எது ன எதுன்னு லென்ஸ் வச்சுப் பாக்கேன், எழுத்து அளவ அரை பாயிண்ட்டாவது கூட்டுங்க.

இப்படிக்கு,
கம்பாசிட்டர் மகன், பாளையங்கோட்டை