கிரிப் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள ரவி,

தை மாதம் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். "பேட்டரி கிரிப் வாங்கலாமா, வேண்டாமா?" கேமராவின் அடியில் திருகி மாட்டுகிற, இரண்டு பேட்டரியும் இரண்டாவது ஷட்டர் பொத்தானும் உள்ள அந்தக் கட்டையைத்தான் கேட்டிருந்தாய். முகூர்த்த சீசன் முடியட்டும், உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். இப்போது ஆனி பிறந்துவிட்டது. கோபித்துக்கொண்டு நீயாகவே ஏதாவது வாங்கித் தொலைத்திருந்தால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடு. இதை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் வாத்தியாரிடம் காட்டாதே.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நான் எடுக்கிற படத்திலெல்லாம் குறை சொல்கிறார்.

ஏன் இடது கை என்று கேட்பாய். வலது மணிக்கட்டில் பட்டை போட்டிருக்கிறார்கள். கட்டை விரலுக்குக் கீழே தசைநார் வீங்கியிருக்கிறதாம், மூன்று வாரம் எதையும் தூக்கக் கூடாதாம். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார் டாக்டர். கேமராமேன் என்றேன். அவர் தன் கையைத் தூக்கி, கேமரா பிடிப்பது போல் வைத்து, அப்படியே செங்குத்தாகத் திருப்பிக் காட்டி, "இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்வீர்கள்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ தை மாதம் கேட்ட கேள்விக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதி பதில் சொல்லிவிட்டார்.

மீதிப் பாதி போன மாதம் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நாலரை ஆறு முகூர்த்தம், கும்பகோணம் பக்கம். என்னிடம் அதே பழைய கேனான் ஃபைவ் டி மார்க் த்ரீ, அடியில் கிரிப், மேலே ஃபிளாஷ், முன்னால் 70-200 லென்ஸ். லென்ஸ் மட்டும் 1490 கிராம், பாடி, அதாவது வெறும் கேமரா, பேட்டரியோடு 950. மற்றதையும் சேர்த்தால் மூன்று கிலோவுக்கு மேல் போகும். இந்தச் சுமையைத் தோளில் குறுக்காகப் போடுகிற ஸ்லிங் பெல்ட்டில் தொங்கவிட்டிருந்தேன். பெல்ட் கொக்கி எங்கே மாட்டியிருந்தது தெரியுமா? கிரிப்பின் அடியில் இருக்கிற டிரைபாட் ஓட்டையில். அதாவது அத்தனை எடையும் கிரிப்பைப் பாடியோடு சேர்த்துப் பிடிக்கிற ஒற்றைத் திருகில் தொங்குகிறது. குனிந்து நிமிர்ந்து, மேடை ஏறி இறங்கி, முந்தின நாள் வரவேற்பிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அசல் கிரிப்பும் இல்லை, பாதி விலைக்கு வாங்கியது. பெயர் வேண்டாம்.

ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள், நான் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அழுத்தினேன். ஒன்றுமில்லை. மேலே இருக்கிற சின்னத் திரையே வெறுமையாகிவிட்டது. கிரிப்பில் இரண்டு பேட்டரியும் முழுசாக இருந்தன, ஆனால் இணைப்பு விட்டுப்போயிருந்தது. திருகை முடுக்கினேன், வந்தது, போனது. சரி, கிரிப்பையே கழற்றி எறிவோம் என்றால் அதிலும் சிக்கல். கழற்றி, ஒரு பேட்டரியை உருவி, பாடிக்குள் போட்டேன். அப்போதும் உயிர் வரவில்லை. பேட்டரி மூடி இல்லாமல் அந்தக் கேமரா ஓடாது. மூடி எங்கே? பாடிக்குள் நுழைகிற கிரிப்பின் தண்டில் அதற்கென்று இருக்கிற பள்ளத்தில் நான்தான் வருடக்கணக்காகப் பத்திரமாகச் செருகி வைத்திருக்கிறேன். நகத்தால் நெம்பி எடுத்து, கீலில் மாட்டி, நிமிர்ந்து பார்த்தால் மூன்று முடிச்சும் முடிந்து அட்சதை தலையில் விழுந்துகொண்டிருந்தது.

இருபத்தி மூன்று வருடத்தில் தாலி கட்டுவதை நான் தவறவிட்டதில்லை. 

என் உதவிக்கு வருகிற பையன் காப்பாற்றினான். மணப்பெண்ணின் தோள் பக்கம் நின்றிருந்தான், கையில் வெறும் பாடி, ஐம்பது எம்எம் லென்ஸ், சட்டைப்பையில் ஒரு உபரி பேட்டரி. அவ்வளவுதான் அவன் சொத்து. அவன் எடுத்ததில் பெண்ணின் கண் மூடியிருக்கிறது, முடிச்சுப் போடுகிற நாத்தனாரின் விரல் மட்டும் கூர்மையாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எடுத்திருந்தால் அப்படி வந்திருக்காது. நான் 70-200ஐ வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று, வருடா வருடம் எடுக்கிற அதே படத்தைத்தான் எடுத்திருப்பேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வலியால் என்று வீட்டில் சொன்னேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

கிரிப் வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்கிற காரணம் பேட்டரி. அது சாக்கு. நம் காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. 2012இல் மின்வெட்டு நாள்கணக்காகக் கழுத்தை நெரித்தபோது, சார்ஜ் போட வழியில்லாமல் பெட்டிக்கடையில் ஆறு பென்சில் பேட்டரி வாங்கி கிரிப்பில் அடைத்து ஒரு சீமந்தத்தை முடித்தோமே, அது கேனான் கிரிப்பில் முடியும். உன் சோனி ஏ7 த்ரீயின் கிரிப்பில் பென்சில் பேட்டரிக்கு இடமே கிடையாது. கேமராவில் போடுகிற அதே எஃப்இசட்100 பேட்டரி இரண்டு போடலாம், அவ்வளவுதான். அந்த ஒரு பேட்டரியே 2280 எம்ஏஹெச். முந்தைய மாடலான ஏ7 டூவில் இருந்தது 1020. அந்த டூவை வைத்துக்கொண்டு மதியத்துக்குள் மூன்று பேட்டரி தின்றவர்கள் கிரிப்புக்கு அலைந்ததில் நியாயம் உண்டு. உன் ஏ7 த்ரீக்கு, கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுத்தாலே 610 படம் என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் அரை நிமிடத்துக்கு ஒரு படம், நடுநடுவே அணைத்து மறுபடி போடுவது என்று பொறுமையாகச் செய்கிற சோதனையில் வந்த கணக்கு. நீ மீன்கொத்தி பாயும்போது விரலை எடுக்காமல் அழுத்துகிறவன், உனக்கு அதைவிட எவ்வளவோ கூட வரும். ஒன்று கவனி, உன்னுடையது மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராவில் பேட்டரியைத் தின்பது படமல்ல, காத்திருப்பு. வேடந்தாங்கலில் ஒரு மணி நேரம் வியூஃபைண்டரைக் கண்ணில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தால் ஒரு படம்கூட எடுக்காமலே பேட்டரிக் கோடு குறையும். அதற்கு மருந்து சட்டைப்பையில் இன்னொரு பேட்டரி. அல்லது பையில் பவர் பேங்க், உன் கேமரா யூஎஸ்பியிலேயே ஓடும். அசல் கிரிப்பின் விலைக்கு அசல் பேட்டரி இரண்டு மூன்று வாங்கிவிடலாம்.

அப்புறம் வேகம். கிரிப் போட்டால் வேகம் கூடும் என்று வாத்தியார் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் மனசில் இருப்பது அவருடைய நிக்கான் டி700. நொடிக்கு ஐந்து படம் எடுப்பது, கிரிப்பும் அதற்கேற்ற பேட்டரியும் போட்டால் எட்டாகும். பிறகு டி850இலும் ஏழு ஒன்பதானது. உன் சோனி சும்மாவே பத்து எடுக்கிறது, கிரிப் போட்டாலும் அதே பத்துதான்.

மிச்சம் இருப்பது கை. உண்மையான காரணம் இதுதான், இதை எவனும் முதலில் சொல்வதில்லை. செங்குத்தாக எடுக்கும்போது வலது முழங்கை தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கிரிப்பில் இரண்டாவது ஷட்டர் இருப்பதால் முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கும், மூச்சும் கையும் நிதானமாகும். வரவேற்பு மேடையில் மூன்று மணி நேரம் வரிசையாக வந்து நிற்கிறவர்களை நெட்டுக்குத்தலாக எடுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் தோள் இத்தனை வருடம் பிழைத்தது அதனால்தான். ஆனால் தோளைக் காப்பாற்றிய அதே கிரிப்தான் எடையைக் கூட்டி மணிக்கட்டை வாங்கிவிட்டது. டாக்டரிடம் இதைச் சொன்னேன், கேமரா, கிரிப் இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுங்கள் என்றார். ஐம்பத்தி இரண்டு வயதில் வேறு என்ன தொழில் தெரியும் எனக்கு? கேட்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உனக்கு என்ன செங்குத்து வேலை? பறவை படுத்தவாக்கில்தான் பறக்கிறது. 200-600 லென்ஸை மாட்டினால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை முழுதும் இடது கையில், லென்ஸின் கால் மேல்தான் உட்காரும். வலது கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு கனம் எதற்கு? ஆனால் நீ கோயில் தூண் எடுக்கக் கிளம்பிவிட்டதாகக் கேள்வி. ஸ்ரீரங்கத்துக் குதிரை மண்டபத்தில் டிரைபாட் இல்லாமல் அரை நாள் நெட்டுக்குத்தலாக எடுக்கப் போகிறாய் என்றால், அதுவும் மாதம் இரண்டு தடவையாவது என்றால், வாங்கு. வருடத்துக்கு ஒருமுறை என்றால் கையைக் கொஞ்சம் வலிக்க விடு. சுண்டு விரல் பிடிமானம் இல்லாமல் கீழே தொங்குகிறது என்பதுதான் உன் குறை என்றால் அதற்குச் சின்னதாக ஒரு அடிக்கட்டை விற்கிறார்கள், பேட்டரியும் கிடையாது, பொத்தானும் கிடையாது, விரல் வைக்க இடம் மட்டும்.

வாங்கினால் அசலாக வாங்கு. பெல்ட்டை கிரிப்பின் அடியில் மாட்டாதே, பாடியின் காதில், அந்தப் பக்கவாட்டு வளையத்தில் மாட்டு. மேடை ஏறுமுன் திருகைத் தொட்டுப் பார். எனக்கு யாரும் சொல்லவில்லை, உனக்கு நான் சொல்கிறேன்.

ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. நான் கிரிப் போட்டதற்கு இன்னொரு காரணம் மரியாதை. பெண்ணின் மாமா கேமராவின் உயரத்தைப் பார்த்துத்தான் "சார்" என்பார், இல்லையென்றால் "தம்பி, அந்தப் பக்கம் நில்லு". இப்போது அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். நேற்று பையன் வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணே, அந்த கிரிப்பை நீங்க யூஸ் பண்ணலைன்னா எனக்குக் கொடுங்களேன், மண்டபத்துல எவனும் என்னை மதிக்க மாட்டேங்கிறான்." அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்தவன் இவன். கொடுக்கவா, வேண்டாமா? நீ சொல், என்னைப் போல் ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளாமல்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, மதியத்துக்கு மேல். காலையில் அம்மாவுக்குச் சொட்டு மருந்து.

உன்,
சேகர்